தோட்டத்து டவுனில் இசைக்கருவிக் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போல, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த டவுன்களில் இசைக்கருவிக் கடை நடத்துவோருக்கும் இனித் தொடங்க நினைப்போருக்கும் எழுதியது இது. சுமார் 30 கிலோமீட்டரில் ஈப்போ. அங்கே மாலில் பெரிய கடைகள். கையில் இருக்கும் போனில் அதைவிடப் பெரிய கடை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய கடை எதைச் செய்தால் நிற்கும் என்பதுதான் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. கணக்குகளில் வரும் விலைகள் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. உங்கள் விலையை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

நாம் மொத்த விலைக்கு வாங்கும் கிட்டாரை மாலில் அதே விலைக்கு விற்கிறார்கள். நாமும் இறங்கலாமா?

வேண்டாம். அவர்கள் பல கிளைகளுக்கும் சேர்த்து ஒரே ஆர்டரில் எடுப்பதால் வாங்கும் விலையே வேறு. அந்த மலிவு கிட்டார் ஆளைக் கடைக்குள் வரவைக்கத்தான். லாபத்தை வேறு சரக்கில் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் கணக்கைப் போடுங்கள். வாடகை 900 வெள்ளி (ரிங்கிட்), மின்சாரம் 200, ஒரு உதவியாள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஆகஸ்டு முதல் சிறிய கடைகளுக்கும் 1,700 வெள்ளி. அதன்மேல் முதலாளி பங்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு, 221 வெள்ளி. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவைச் சேர்க்காமலே மாதச் செலவு 3,021. ஒரு கிட்டாரை 280க்கு வாங்கி 350க்கு விற்றால் நிற்பது 70. கிட்டாரை மட்டும் நம்பினால் செலவை அடைக்கவே மாதம் 44 கிட்டார் போக வேண்டும். தோட்டத்து டவுனில் அது நடக்காது. விலையைக் குறைத்தால் 44 என்பது 60 ஆகும், 80 ஆகும்.

கம்பியைப் பாருங்கள். ஒரு செட் 14க்கு வாங்கி 25க்கு விற்றால் 11 வெள்ளி நிற்கும். மாதம் 30 செட் போனால் 330. ஏறக்குறைய ஐந்து கிட்டார் விற்ற லாபம், சரக்கோ ஒரு அலமாரித் தட்டு. கைவேலையில் வருவது இதைவிடவும் கூடும். அதற்குப் பின்னால் வருகிறோம்.

இருபத்தைந்து விழுக்காடு லாபம் வைத்தும் கையில் காசு நிற்பதில்லை. ஏன்?

280க்கு மேல் 25 விழுக்காடு ஏற்றினால் 350. ஆனால் 350இல் 70 என்பது 20 விழுக்காடுதான். “10 விழுக்காடு கழிவு கொடுங்க அண்ணே” என்று வாடிக்கையாளர் கேட்பது 350இல். கொடுத்தால் 35 போய்விடும், அதாவது உங்கள் லாபத்தில் சரிபாதி. கழிவுக்குப் பதில் பொருளாகக் கொடுங்கள். 14 வெள்ளிக்கு வாங்கிய கம்பி அவர் கண்ணுக்கு 25 வெள்ளி.

பெரிய கடையில் இல்லாத எதை நாம் வைக்கலாம்?

கோயிலும் பள்ளியும் கல்யாண மண்டபமும் கேட்பதை. தேவார வகுப்புக்குத் தாளம், ஹார்மோனியம், சுருதிப் பெட்டி. பரத வகுப்புக்குச் சலங்கை. உறுமி மேளக் குழுக்களுக்குத் தோல், கயிறு, குச்சி, தோள்வார். தவில்காரருக்குப் பூவரசங் குச்சி. மிருதங்கத்துக்கு வலந்தலை, இடந்தலை (வலது, இடது பக்கத்துத் தலை) தோல் மூட்டுகள். இவை மாலில் கிடைக்காது. போனில் வாங்கினால் அளவு தப்பும்.

மலாய் வாடிக்கையாளரை விட்டுவிடாதீர்கள். பள்ளிகளிலும் கல்யாணங்களிலும் கொம்பாங் என்ற கைமேளம் அடிப்பவர்கள் பக்கத்துக் கம்போங்கிலேயே இருப்பார்கள். கொம்பாங் தொய்ந்தால் தோலுக்கும் சட்டத்துக்கும் இடையில் செடாக் என்ற பிரம்பு வளையத்தைச் செருகி இறுக்குவார்கள். அந்தப் பிரம்பைச் சுருளாக வாங்கி வைத்தால் போதும். தப்புத் தோல் மாற்றத் தெரிந்த கைக்குக் கொம்பாங் தோல் புதிதல்ல.

உடும்புத் தோல் கஞ்சிராவை மட்டும் வாங்கி வைக்காதீர்கள். உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தலை போட்டதையே விற்கலாம். மற்ற தோல் கருவிகளை இந்தியாவிலிருந்து தருவிக்கும்போதும் தனிமைப்படுத்தல் விதி குறுக்கே வரக்கூடும். சரக்கு கப்பல் ஏறுமுன் அனுப்பும் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

“செட்-அப்” செய்து தருகிறோம் என்று பலகை போடலாமா? அதில் என்ன செய்ய வேண்டும்?

கட்டாயம் போடுங்கள். பெட்டியில் வந்த கிட்டாரைப் பெட்டியோடு கொடுப்பது பெரிய கடை. விரல் வலிக்காமல் வாசிக்கும்படி ஆக்கிக் கொடுப்பது உங்கள் கடை. புதிதாகக் கற்கும் பிள்ளை இரண்டே மாதத்தில் கிட்டாரை மூலையில் சாத்துவதற்குப் பெரும்பாலும் காரணம் கம்பி உயரம்தான், சோம்பல் அல்ல.

முதலில் கம்பிகளைச் சரியான சுருதிக்கு ஏற்றுங்கள். தளர்ந்த கம்பியில் அளந்தால் எல்லா அளவும் பொய். பிறகு கழுத்து வளைவு: முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குப் பட்டியில்) கேப்போ என்ற கவ்வி போட்டு, கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று. அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். கால் சுற்று திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளவெடுங்கள். பலமாக முறுக்கி ராடை உடைத்தால் அந்தக் கழுத்து போனதுதான்.

அடுத்து நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை. மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் கனத்துக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். கடைசியில் சாடில், அதாவது உடல் பக்கம் கம்பிகள் உட்காரும் பட்டை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் எஃகுக் கம்பி கிட்டாருக்குத் தடித்த கம்பி 2.4, மெல்லிய கம்பி 1.8 மில்லிமீட்டர் உயரத்தில் வந்தால் பிள்ளைகள் கைக்கு நன்றாக இருக்கும். நைலான் கம்பிக்கு 4, 3 வரை போகலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமென்றால் சாடிலின் அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இந்த இரட்டைக் கணக்கை மறந்து தேய்ப்பவர்கள்தான் அதிகம். சமதளக் கண்ணாடியில் 220 எண் உப்புத்தாளை ஒட்டி, சாடிலை நிமிர்த்திப் பிடித்துத் தேயுங்கள். சாய்ந்தால் அடிப்பக்கம் உருண்டுபோய்ச் சத்தம் செத்துவிடும்.

கற்றவர் கைக்கு முக்கால் மணி நேர வேலை. உங்களிடம் வாங்கிய கிட்டாருக்கு இலவசமாகச் செய்யுங்கள். வெளியில் வாங்கியதற்கு, உதாரணமாக, 50 வெள்ளி.

ஆன்லைனில் வாங்கிய கருவியை நம்மிடம் சரிபார்க்கக் கொண்டுவருகிறார்கள். திருப்பி அனுப்பலாமா?

ஒருபோதும் வேண்டாம். முகம் சுளிக்கவும் வேண்டாம். அந்த 50 வெள்ளியில் சரக்கு முதல் எதுவும் இல்லை. அடுத்த கம்பி, அடுத்த பை, தம்பிக்கு வாங்கும் அடுத்த கருவி எல்லாம் உங்களிடம்தான் வரும்.

பெட்டியில் வரும் வயலினில் பெரும்பாலும் இரண்டு கோளாறு. கம்பிகளைத் தாங்கும் பாலம் படுத்திருக்கும், அல்லது உள்ளே நிற்கவேண்டிய சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி கழன்று உருளும். குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்கும். போஸ்ட் விழுந்திருந்தால் கம்பியை இறுக்கவே கூடாது, மேல்பலகை அமுங்கிவிடும். கம்பியை இறுக்கும் முறுக்காணி நழுவுவதும் பிடித்துக்கொள்வதும் இங்கே ஈரப்பதத்தால். நழுவினால் சாக்பீஸ் தூள், பிடித்தால் சவுக்காரத் துண்டு. இரண்டையும் கலந்து மெல்லத் தடவினால் இடைப்பட்ட பிடி கிடைக்கும்.

மழைக்காலத்தில் மிருதங்கம், தவில், தப்பு எல்லாம் தொய்கிறதே. என்ன சொல்லிக் கொடுப்பது?

தோல் ஈரத்தை உறிஞ்சினால் நீளும், சுருதி இறங்கும். காய்ந்தால் சுருங்கும், சுருதி ஏறும். இதைப் புரியவைத்துவிட்டால் பாதிப் புகார் குறையும்.

மிருதங்கத்தில் வார் ஓடும் இடங்கள் பதினாறு. வலந்தலை மூட்டின்மேல் கட்டையை வைத்துக் கல்லால் மேலிருந்து கீழே தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஓரிடத்தில் தட்டியதும் நேர் எதிரே தட்ட வேண்டும். வரிசையாக ஒரே பக்கம் தட்டிப்போனால் மூட்டு கோணிக்கொள்ளும். தட்டிவிட்டு அந்த இடத்துக்கு உள்பக்கமாக மீட்டை (ஓரத்துத் தோல் வளையத்தை) ஒரு விரலால் மீட்டிக் கேளுங்கள். பதினாறு இடத்திலும் ஒரே நாதம் வரும்வரை சுற்ற வேண்டும். போல்ட் வைத்த மிருதங்கத்திலும் இதே முறைதான், ஒரு போல்ட்டுக்கு ஒரு நேரம் கால் சுற்று.

இடந்தலையில் ஒட்டிய ரவையை வாசித்து முடித்ததும் எடுத்துவிடச் சொல்லுங்கள். நம் ஊர் வெக்கையில் ஓர் இரவு விட்டாலே புளிக்கும். எறும்பும் கரப்பானும் ரவையோடு தோலையும் அரிக்கும். இடந்தலை கிழிந்து வருவதற்கு அடி காரணமல்ல, பெரும்பாலும் இதுதான்.

வலந்தலையின் கருஞ்சோறு (நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு) வெடித்து உதிர்ந்தால் நாதம் கரகரக்கும். சிலர் சூப்பர் குளூ விட்டுக் கொண்டுவருவார்கள். பசை இறுகிய இடத்தில் அதிர்வு நின்றுவிடும். சோறு புதிதாக இடுவது தனித் தொழில், தெரியாமல் கை வைக்க வேண்டாம். தயார் மூட்டு வாங்கி மாற்றுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது பழைய மூட்டை அளக்காதீர்கள், அது இழுபட்டிருக்கும். கட்டையின் வாய் விட்டத்தை அளந்து, நீளத்தையும் எழுதுங்கள். மேல்சுருதி மிருதங்கம் 22 அங்குலம், கீழ்ச்சுருதி 24 அங்குலம் என்பது வழக்கமான அளவு.

தப்பை அனலில் காட்டுவது சரியான வழக்கமே. கேஸ் அடுப்பில் காட்டுவதுதான் தவறு. சூடு ஒரே இடத்தில் விழுந்து, சட்டத்தில் ஒட்டிய விளிம்பு முறுகிப் பிரியும். வைக்கோலோ தாளோ எரித்து, முழங்கை தூரத்தில் சுற்றிக்கொண்டே காட்ட வேண்டும். உள்ளங்கை பொறுக்காத சூட்டைத் தோலும் பொறுக்காது.

உறுமியில் வளைகுச்சி உரசும் தலைதான் முதலில் போகும், அதுவும் உரசும் அந்த ஒரே தடத்தில். தடம் வெளுத்து மெலிந்திருப்பது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். அடுத்த ஊர்வலம்வரை தாங்காது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். விற்பதற்காகச் சொல்வதாக அவர் நினைத்தாலும் பரவாயில்லை. பாதி வழியில் கிழிந்தால் காவடி நின்றுவிடும்.

ஹார்மோனியத்தில் ஒரு ஸ்வரம் விடாமல் கத்துகிறது. இன்னொன்று வாயே திறப்பதில்லை.

இரண்டும் வேறு நோய். விடாமல் கத்தினால் கட்டையின் கீழுள்ள மூடி முழுதாக மூடவில்லை. மேல்பலகையைக் கழற்றி, அந்தக் கட்டை பக்கத்துக் கட்டையோடு உரசுகிறதா பாருங்கள். ஈரத்தில் மரம் உப்பினால் உரசிய இடம் பளபளக்கும். அங்கே மட்டும் 400 எண் உப்புத்தாளால் நாலு இழுப்பு. உரசல் இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது மூடித் தோலில் தூசி.

வாய் திறக்காவிட்டால் ரீடின் நாக்கில் தூசியோ பச்சைக் களிம்போ. மெல்லிய கெட்டித் தாளை நாக்கின் கீழே நுழைத்து ஒருமுறை இழுத்தால் பெரும்பாலும் சரியாகும். நாக்கை மேலே வளைக்கக் கூடாது. சுருதி பிசகியிருந்தால், நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்பி வராது. இரண்டு சுரண்டலுக்கு ஒருமுறை ட்யூனரில் பாருங்கள்.

பழைய ஹார்மோனியம் விலைக்கு எடுக்கும்போது, துருத்தியை முழுதாக நிரப்பிவிட்டுக் கட்டை எதையும் அழுத்தாமல் பாருங்கள். 20 வினாடிக்குள் காற்று முழுதும் இறங்கினால் கசிவு இருக்கிறது. அதைச் சொல்லி விலை பேசலாம்.

பள்ளி ரெக்கார்டர் ஆர்டர் எப்படிப் பிடிப்பது?

தொடக்கப்பள்ளி இசைப் பாடத்தில் ரெக்கார்டர் என்ற ஊதுகுழல் உண்டு. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குவதால் நவம்பரிலேயே இசை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஜெர்மன் விரல்முறையா, பரோக் விரல்முறையா? யமஹாவில் ஒய்ஆர்எஸ்-23 ஜெர்மன், ஒய்ஆர்எஸ்-24பி பரோக். வெளியே ஒன்றுபோலவே இருக்கும். முன்பக்கத்தின் நாலாவது துளையைவிட ஐந்தாவது துளை சிறியதாக இருந்தால் ஜெர்மன். ஒரே வகுப்பில் இரண்டும் கலந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு ‘எஃப்’ ஸ்வரம் பிசகும், ஆசிரியர் பிள்ளையைத் திட்டுவார். பெரிய கடையில் அம்மா அவசரமாக எடுத்துப்போன குழலால்தான் இது நடக்கிறது. பள்ளியின் பெயரையும் விரல்முறையையும் கல்லாப் பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்தால், யார் வந்தாலும் சரியானதைக் கொடுக்கலாம்.

நாமும் ஆன்லைனில் விற்கலாமா?

விற்கலாம், ஆனால் கிட்டாரை அல்ல. தளத்தின் கமிஷன், கட்டணம் செலுத்தும் செலவு, பெட்டி, அஞ்சல் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள், கிட்டாரில் நிற்கும் அந்த 70 வெள்ளி லாபத்தில் மிச்சம் தேறாது. மூட்டு, குச்சி, தோல், தாளம் போன்ற எடை குறைந்த, தேடிக் கிடைக்காத சரக்கு போகும். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி வந்ததால் இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதை நம்பி உட்கார முடியாது. இதைவிட, கூகுள் மேப்பில் கடையின் பெயர், நேரம், செய்யும் வேலைகள் எல்லாவற்றையும் தமிழிலும் மலாயிலும் பதிவது அதிகப் பலன் தரும்.

தோட்டத்து வாடிக்கையாளர் கடன் கேட்கிறார். கொடுக்கலாமா?

பொருளைக் கொடுத்துவிட்டுக் காசுக்கு அலைவதைவிட, பொருளைக் கடையிலேயே ஒதுக்கி வைத்துத் தவணையாக வாங்குங்கள். 350 வெள்ளிக் கிட்டாருக்கு 50 முன்பணம், பிறகு மாதம் 100 வீதம் மூன்று மாதம். சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பது சட்டம், ஆகவே தவணைத் தேதியை 8 என்று எழுதுங்கள். இரண்டு பிரதி ரசீது, கருவியின் வரிசை எண், இடையில் விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது, மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். அந்த மூன்று மாதமும் பிள்ளை சனிக்கிழமை வந்து அதே கிட்டாரில் பழக விடுங்கள்.

கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட எவ்வளவு சாமான் வேண்டும்?

சிறிய தோட்டக் கோயிலுக்கு 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, எட்டு சேனல் மிக்ஸர் ஒன்று, மைக் நான்கு, ஸ்டாண்டுகள், 10 மீட்டர் கேபிள் ஆறு. அதில் இரண்டு உபரி. கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில்தான். மண்டபத்திலிருந்து 40 மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்தால் மின்னழுத்தம் இறங்கி ஆம்ப்ளிபையர் அணையும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியுள்ள ஒயர் எடுங்கள். சுருளை முழுதும் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடி விட்டால் சூடேறி உருகும். இரைச்சல் வருகிறதென்று எர்த் முள்ளை வெட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பக்தர் மைக் பிடிப்பார். எர்த்தைத் தொடவே கூடாது.

“விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது” என்று பலகை வைக்கலாமா?

வைத்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் உத்தரவாதங்களைக் கடைப் பலகையால் நீக்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளிவரை வழக்குப் போடலாம். பலகைக்குப் பதில், பொருளைக் கொடுக்கும்போதே அவர் முன்னால் வாசித்துக் காட்டி ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். எல்லாப் பொருளிலும் விலை ஒட்டியிருக்கட்டும், அதுவும் சட்டம்தான்.

பாட்டு நிரப்பிய பென் டிரைவ் கேட்கிறார்கள், நல்ல ஓட்டம்.

விற்காதீர்கள். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒவ்வொரு திருட்டுப் பிரதிக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளிவரை அபராதம், சிறையும் உண்டு. நம் ஊர்க் கலைஞர்களே பாட்டுப் போட்டுப் பிழைக்கப் பாடுபடும்போது, இசைக் கடையிலேயே அது நடப்பது மிகவும் வருத்தமானது.

பதிவு, முதலீடு?

வணிகப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் (நிறுவன ஆணையம்) சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. பிறகு நகராண்மைக் கழகத்தில் கடை உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும். சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகம். இந்திய வணிகர்களுக்கு, சிறுதொழில் கடன் தரும் அரசு நிறுவனமான டெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவி இருக்கிறது. கடன் கிடைத்ததும் கிட்டார் வாங்கிச் சுவர் முழுக்க மாட்டாதீர்கள். முதலில் வேலை மேசை, அளவுகோல்கள், ஈரப்பதமானி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். சுவரில் ஆறு கிட்டார் போதும்.

தைப்பூசத்துக்கு முன் எதையெல்லாம் தயாராக வைக்க வேண்டும்?

ஈப்போவின் கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும் குழுக்கள் கடைசி மூன்று நாளில்தான் வருவார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே குழுத் தலைவர்களைக் கூப்பிட்டு, கருவிகளை இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொல்லுங்கள். மெலிந்த தோல் அப்போதே தெரியும், மாற்றவும் நாள் இருக்கும். உங்கள் ஊரில் புழங்கும் ஒவ்வொரு உறுமி அளவுக்கும் இரண்டு தோல், குச்சி ஒரு டஜன், கயிறு, போல்ட், செயற்கைத் தலை போட்ட தப்பு நான்கு வாடகைக்கு. முந்தின நாள் இரவு பன்னிரண்டு மணிவரை கடையைத் திறந்து வையுங்கள். மால் பத்து மணிக்கு மூடிவிடும்.